கொட்டப்போன சோதனைக்குழாய்

1933-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் டில்லட் என்ற மருத்துவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். தொண்டைப்புண்ணைக் கிளப்பும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை மனித இரத்தத்தின் பிளாஸ்மாவில் விட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. உறைபொருள் நீங்கிய சீரத்தில் விட்டால் திரளவில்லை. அப்படியானால் இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜனை இந்தக் கிருமிகள் தங்கள் மேல் அப்பிக்கொள்கின்றன; கிருமி கலந்த பிளாஸ்மாவில் அது மிச்சமிருக்காது; அந்தப் பிளாஸ்மா உறையவே உறையாது. இதுதான் அவருடைய கணக்கு.

சோதித்துப் பார்த்தார். ஒரு குழாயில் கிருமி கலந்த பிளாஸ்மா, இன்னொன்றில் கிருமி இல்லாத பிளாஸ்மா. இரண்டிலும் கால்சியம் சேர்த்தார். உறையக்கூடாத குழாயும் மற்றதைப் போலவே உறைந்து நின்றது. கணக்கு தப்பு. டில்லட் குழாய்களை அப்படியே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார். பிறகு அவற்றைக் கொட்டப் போகும் நேரத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி ஒருமுறை பார்த்தார். கிருமி இல்லாத குழாயில் உறைந்தது உறைந்தபடியே இருந்தது. கிருமி கலந்த குழாயில் தண்ணீர் போல் ஏதோ ஆடியது. உறைந்த பிளாஸ்மா தானாகவே கரைந்துபோயிருந்தது!

டில்லட்டும் அவருடைய சகா கார்னரும் அதே ஆண்டில் இதை எழுதி வெளியிட்டார்கள். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஏதோ ஒன்று கிருமியிடம் இருக்கிறது என்பது ஊர்ஜிதமானது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு திருப்பம். கிருமியின் சரக்கு தனியாக எதையும் கரைப்பதில்லை, மனித இரத்தத்தில் இருக்கும் வேறொன்று கூட இருந்தால்தான் வேலை நடக்கிறது என்று 1941-ல் மில்ஸ்டோன் என்ற ஆய்வாளர் கண்டார். 1945-ல் கிறிஸ்டென்சனும் மெக்லியோடும் முடிச்சை முழுதாக அவிழ்த்தார்கள். கட்டியைக் கரைக்கும் ஆற்றல் மனித இரத்தத்துக்குள்ளேயே பிளாஸ்மினோஜன் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. கிருமி வைத்திருப்பது அந்தப் பூட்டுக்கான சாவி மட்டும்தான். சாவிக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்று பெயர் வைத்தார்கள். பூட்டு மனிதனுடையது என்றால் அவன் உடம்பிலேயே அதற்கொரு சொந்தச் சாவி இருக்காதா? இருந்தது. அதைத் துப்புரவாகப் பிரித்துக் கையில் எடுக்க இன்னும் முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள் ஆயின.

அதுவரை கிருமியின் சாவியே போதும் என்று மருத்துவர்கள் துணிந்தார்கள். நெஞ்சுக்கூட்டுக்குள் இரத்தமும் சீழும் உறைந்து கட்டி, மூச்சுவிடத் தவித்தவர்களுக்கு டில்லட்டும் சால் ஷெர்ரியும் அதைச் செலுத்தி, 1949-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கெட்டிப்பட்டது இளகியது, ஊசியால் உறிஞ்சி வெளியே எடுக்க முடிந்தது. 1958-ல் மாரடைப்புக்கும் முயன்றார்கள். அதே ஆண்டு சஸ்மன், ஃபிட்ச் என்ற இரு மருத்துவர்கள் யாரும் கைவைக்கத் தயங்கிய இடத்தில் கைவைத்தார்கள். அந்த இடம் மூளை.

மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் கட்டி வந்து அடைத்தால் கை கால் விழுந்துவிடும், வாய் கோணும், பேச்சு போகும். படுக்கையில் கிடத்திப் பார்த்துக்கொள்வதைத் தவிர அன்று அதற்கு வைத்தியம் இல்லை. சஸ்மனும் ஃபிட்சும் மூன்று நோயாளிகளுக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். நம்பிக்கை துளிர்த்தது. 1960-களின் முதல் பாதியில் ஜான் மேயர் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, ஸ்ட்ரெப்டோகைனேஸை முறைப்படி சோதித்தது. முடிவு பேரிடியாக வந்தது. மருந்து கொடுக்கப்பட்டவர்களில்தான் சாவு அதிகம்.

காரணம் மண்டையோட்டுக்குள் ஒளிந்திருந்தது. குழாய் அடைத்தாலும் கை விழும். குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கொட்டினாலும் கை விழும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். அடைத்தவருக்கு மருந்தாவது வெடித்தவருக்கு விஷம். போதாக்குறைக்கு, நோய் தாக்கி இரண்டு மூன்று நாள் ஆனவர்களுக்கும் அன்று மருந்து ஏறியது. மண்டையைத் திறக்காமல் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லாதவரை இந்த மருந்தை மூளைப் பக்கம் கொண்டுபோகக்கூடாது என்று மருத்துவ உலகம் கையை உதறியது. அந்த வழியைத் திறந்தது ஒரு மருத்துவமனை அல்ல. பாட்டு இசைத்தட்டு விற்ற கம்பெனி.

லண்டனின் இ.எம்.ஐ. நிறுவனம் என்றால் உலகத்துக்கு பீட்டில்ஸ் ஞாபகம்தான் வரும். அதே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர் இருந்தார். போர்க்காலத்தில் விமானப்படையில் ரேடார் வேலை கற்றவர், கம்ப்யூட்டர் வடிவமைத்தவர். பெரிய பட்டம் எதுவும் கிடையாது. மூடிய பெட்டி ஒன்றைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் தப்பி வருகிறது என்று கணக்கிட்டால், உள்ளே இருப்பதைத் துண்டு துண்டாக வரைந்துவிடலாம் என்று அவருக்குப் பட்டது. முதல் சோதனைக் கருவி ஒரு படத்துக்கான அளவுகளை எடுக்க ஒன்பது நாள் பிடித்தது. கசாப்புக்கடையில் மாட்டு மூளை வாங்கி லண்டனைக் குறுக்கே கடந்து எடுத்துவந்து சோதித்தார் மனிதர். பீட்டில்ஸ் சம்பாதித்த பணத்தில்தான் இந்தக் கருவி பிறந்தது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. உண்மையில், கம்பெனி கொடுத்ததைவிடப் பிரிட்டிஷ் அரசின் நல்வாழ்வுத் துறை போட்ட பணம்தான் அதிகம்.

1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் என்ற கதிரியல் மருத்துவரின் மேற்பார்வையில், மூளைக்கட்டி இருக்குமோ என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணின் தலை அந்தக் கருவிக்குள் போனது. படத்தில் கட்டி தெளிவாகத் தெரிந்தது. சி.டி. ஸ்கேன் பிறந்துவிட்டது. இதற்கான கணிதத்தைத் தனியாகவே வகுத்திருந்த ஆலன் கார்மக்கோடு சேர்த்து 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூளைக்குள் இரத்தம் கொட்டியிருந்தால் இந்தப் படத்தில் அது வெள்ளை வெளேரென்று தெரியும். அடைப்பா, கசிவா என்று பிரித்துச் சொல்லக் கருவி வந்தாயிற்று. ஆனால் கிருமியின் சாவி முரட்டுச் சாவி. கட்டி இருக்கும் இடம், இல்லாத இடம் என்று பாராமல் இரத்தம் முழுவதிலும் பூட்டுகளைத் திறந்துவிட்டது. மூளைக்கு இன்னும் நிதானமான சாவி தேவைப்பட்டது.

அந்தச் சாவி மனித உடம்பின் திசுக்களில் இருந்தது. கிடைத்த அளவுதான் கொடுமை. டச்சு ஆய்வாளர் டிங்கமன் ரைக்கன் 5 கிலோ கருப்பைத் திசுவை அரைத்து, கரைத்து, வடித்து எடுத்தபோது மிஞ்சியது 1 மில்லிகிராம். அந்தக் கணக்கில் ஒரே ஒரு நோயாளிக்கு மருந்து செய்வதுகூட நடக்காத காரியம். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் டெசிரே கோலன் வேறொரு பக்கம் பார்த்தார். தோல் புற்றுநோயாளி ஒருவரிடமிருந்து எடுத்து ஆய்வுக்கூடங்களில் வளர்த்துவந்த செல்கள், இந்தப் பொருளை ஏராளமாகச் சுரந்தன. ஒருவரைக் கொல்லும் புற்று, பல பேரைப் பிழைக்கவைக்கும் மருந்துக்கு ஊற்றாயிற்று. டிஷ்யூ பிளாஸ்மினோஜன் ஆக்டிவேட்டர், சுருக்கமாக டி.பி.ஏ., இப்போது கையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்குக் கிடைத்தது. கட்டி இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டு வேலை செய்வது இதன் விசேஷம்.

1980-ல் ஸ்வீடனின் மால்மோ நகரில் நடந்த கருத்தரங்கில் கோலன் இதைப் பற்றிப் பேசினார். கூட்டத்தில் கலிஃபோர்னியாவின் ஜெனன்டெக் நிறுவனத்தைச் சேர்ந்த டயான் பென்னிகா என்ற இளம் விஞ்ஞானி உட்கார்ந்திருந்தார். பேச்சு முடிந்ததும் அவர் கோலனைத் தேடிப் போய், இந்தப் பொருளின் மரபணுவைப் பிடித்துப் படியெடுத்துவிடலாம் என்றார். இருவரும் கைகோத்தார்கள். 1983-ல் நேச்சர் இதழில் அந்த வெற்றி வெளியானது. இனி திசுவை அரைக்கவேண்டியதில்லை, புற்றுச்செல்லை நம்பியிருக்கவும் வேண்டியதில்லை.

ஆனாலும் சாவி முதலில் போனது இதயத்துக்குத்தான். 1986-ல் இத்தாலியில் 11,000-க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த சோதனை, பழைய ஸ்ட்ரெப்டோகைனேஸே உயிர்காக்கும் என்று காட்டியது. 1987 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு டி.பி.ஏ.வைத் திருப்பி அனுப்பியது. நவம்பரில் அதே அமைப்பு மாரடைப்புக்கு அனுமதி தந்தது. மூளை? 1985-ல் ஜஸ்டின் ஸிவினின் குழு, முயல்களின் மூளைக்குழாயை அடைத்து உடனே டி.பி.ஏ. கொடுத்தபோது அவை தேறியதைக் காட்டியிருந்தது. மனிதர்களிடம் மறுபடி ஸ்ட்ரெப்டோகைனேஸை வைத்து ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தொடங்கிய மூன்று பெரிய சோதனைகள், இரத்தக்கசிவும் சாவும் கூடியதால் 1990-களின் நடுவில் பாதியிலேயே நின்றன. கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியாமல் காப்பாற்றியது கடிகாரம். அமெரிக்க தேசிய நரம்பியல் நிறுவனத்தில் ஜான் மார்லர் முன்னின்று நடத்திய டி.பி.ஏ. சோதனையில் ஒரே ஒரு நிபந்தனை இரும்பாக இருந்தது: நோய் தாக்கி 3 மணி நேரத்துக்குள் ஊசி ஏறவேண்டும், அதிலும் பாதிப்பேருக்கு 90 நிமிடத்துக்குள். பக்கவாத நோயாளியை வார்டில் சேர்த்து மறுநாள் பார்க்கும் பழக்கத்தில் ஊறிய மருத்துவமனைகளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஸ்ட்ரெச்சர் வாசலிலிருந்து நேராக ஸ்கேன் அறைக்கு ஓடியது. 624 பேர் சேர்ந்தார்கள். 1995 டிசம்பர் 14 அன்று முடிவு வெளியானது. மருந்து பெற்றவர்களுக்கு, மூன்று மாதம் கழித்து ஊனமின்றியோ மிகக் குறைந்த ஊனத்தோடோ இருக்கும் வாய்ப்பு குறைந்தது 30 சதவீதம் கூடியிருந்தது. விலையும் இருந்தது: ஆபத்தான மூளை இரத்தக்கசிவு 0.6 சதவீதத்திலிருந்து 6.4 ஆக ஏறியது. ஆனால் மொத்தச் சாவு கூடவில்லை. 1996 ஜூனில் அனுமதி கிடைத்தது.

இன்று நகரத்து அவசரப் பிரிவுகளில் ‘ஸ்ட்ரோக் ஊசி’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்களே, அது பிறந்த கதை இதுதான். டில்லட் கொட்டப்போன குழாயிலிருந்து இங்கே வந்துசேர 63 ஆண்டுகள். 2008-ல் இன்னொரு ஐரோப்பியச் சோதனை ஊசிக்கான அவகாசத்தை 3 மணியிலிருந்து நாலரை மணியாக நீட்டியது. அதற்குள்ளேயும் தாமதம் தாமதம்தான்: பெரிய குழாய் அடைத்த மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச்செல்கள் அழிகின்றன என்று ஜெஃப்ரி சேவர் 2006-ல் கணக்கிட்டிருந்தார். மருந்து தயார், நேரத்துக்கு வரவேண்டிய நோயாளிதான் வரவில்லை. அந்த இடத்தில் கதை இந்தியாவுக்குள் நுழைந்தது.

லூதியானாவின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் துரை பாண்டியனும் சகாக்களும், வேறு நோய்களுக்காக வந்தவர்களின் உறவினர்கள் 942 பேரிடம் பக்கவாதம் பற்றி விசாரித்தார்கள். 2005-ல் வெளியான முடிவு தூக்கிவாரிப்போட்டது. 100-க்கு 45 பேருக்கு இது மூளையைத் தாக்கும் நோய் என்பதே தெரியவில்லை. கை விழுந்தால் நோய் கையில்தான் என்று நினைத்தால் மருந்தும் கைக்குத்தானே போகும்? எண்ணெய் தேய்த்தார்கள். புறா இரத்தத்தைத் தடவினால் மரத்த கை உயிர்பெறும் என்ற நம்பிக்கை நாட்டின் பல மூலைகளில் இருந்தது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்கவைத்தார்கள். நாலரை மணி நேரம் வீட்டுக்குள்ளேயே கரைந்துபோனது.

தப்பித்து வந்தவர்களுக்கு அடுத்த சுவர் காத்திருந்தது. சி.டி. ஸ்கேன் இருக்கும் ஊரில் நரம்பியல் மருத்துவர் இல்லை. மருத்துவர் இருக்கும் ஊர் தொலைவில். மருந்தின் விலையோ ஒரு நோயாளிக்குப் பல்லாயிரம் ரூபாய். மலையும் வளைவுப் பாதையுமாகக் கிடக்கும் இமாச்சலப் பிரதேசத்தில் இந்த மூன்றும் சேர்ந்துகொண்டன. சிம்லா, தாண்டா மருத்துவக் கல்லூரிகளை விட்டால் அன்று அரசு நரம்பியல் மருத்துவரைப் பார்க்க முடியாது. மாவட்ட மருத்துவமனையிலிருந்து சிம்லாவுக்கு ஆம்புலன்ஸ் போய்ச் சேருவதற்குள் கெடு முடிந்துவிடும். நோயாளியை நகர்த்த முடியாதென்றால் எதை நகர்த்துவது?

படத்தை நகர்த்தினார்கள். 2014-ல் இமாச்சல அரசு தொடங்கிய திட்டத்தில், ஸ்கேன் வசதியுள்ள மாவட்ட அளவிலான மருத்துவமனைகளின் பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது. நோயாளி வந்ததும் ஸ்கேன் எடுத்து, படத்தைக் கைப்பேசியில் வாட்ஸ்ஆப் மூலம் சிம்லாவுக்கோ தாண்டாவுக்கோ அனுப்பினார்கள். அந்தப் பக்கத்தில் நரம்பியல் மருத்துவர் படத்தைப் பார்த்தார், கேள்விகள் கேட்டார், கொடுக்கலாம் என்றார். இந்தப் பக்கத்தில் பொது மருத்துவர் ஊசி போட்டார். மருந்தை அரசு இலவசமாக வைத்திருந்தது. பணக்கார நாடுகளில் இதற்கென்று தனிக் கேமராவும் தனி வலையமைப்பும் அமைத்துச் செய்ததை, இங்கே மருத்துவர் சட்டைப்பையில் இருந்த கைப்பேசி செய்துமுடித்தது. நரம்பியல் மருத்துவரையே பார்த்திராத ஊர்களில் அடைத்த குழாய்கள் திறந்தன.

மருந்தும் மாறியது. டி.பி.ஏ.வைக் கொஞ்சம் திருத்திச் செய்த டெனெக்டிப்ளேஸ், இரத்தத்தில் கூடுதல் நேரம் நிற்பது. முந்தையதை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றவேண்டியிருந்தது. இது ஒரே அழுத்தில் முடிந்துவிடும். ஆள் பற்றாக்குறையுள்ள சின்ன மருத்துவமனைக்கு இதைவிடச் செளகரியம் வேறில்லை. புனேயின் ஜெனோவா நிறுவனம் இதை உள்நாட்டிலேயே தயாரித்தது. அமெரிக்கா டெனெக்டிப்ளேஸைப் பக்கவாதத்துக்கு அனுமதித்தது 2025 மார்ச்சில்தான். இந்தியாவில் அந்த அனுமதி பல ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. ஏழை நாடு வரிசையில் முன்னால் நின்ற அபூர்வ சந்தர்ப்பம் இது.

மற்ற கண்ணிகளும் மெல்லச் சேர்ந்தன. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் மாநிலம் மாநிலமாகப் பரவி, 2008-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2010-ல் மத்திய அரசின் தொற்றாநோய்த் திட்டம் தன் பெயரிலேயே பக்கவாதத்தைச் சேர்த்துக்கொண்டது. தமிழ்நாட்டின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டமான ‘டேய்’ விபத்துக்காயம், மாரடைப்பு ஆகியவற்றுக்குச் சமமாகப் பக்கவாதத்தையும் எடுத்துக்கொண்டது. ஸ்கேன் கருவியையே வண்டியில் ஏற்றி நோயாளியின் வாசலுக்கு அனுப்பும் யோசனை ஜெர்மனியில் கிளாஸ் ஃபாஸ்பெண்டருக்குத் தோன்றி 2008-ல் தெருவில் ஓடியது. பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முயற்சியால் அசாமின் கிராமத்துச் சாலைகளிலும் ஓடியது. பெரிய குழாய் அடைத்தவர்களுக்குத் தொடை வழியே கம்பியை விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் முறை 2015-ல் நிரூபணமாகி, நாலரை மணி தாண்டி வந்தவர்கள் சிலருக்கும் வழி திறந்தது. அது இன்னும் பெரும்பாலும் பெருநகரத்து வசதி.

இவ்வளவுக்கும் பிறகு பாக்கி நிற்பது ஆய்வுக்கூடத்து வேலை அல்ல, வீட்டு வேலை. 1998-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக உருவாக்கிய சோதனைக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. சிரித்தால் முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கைகளையும் தூக்கினால் ஒன்று தொய்கிறதா, பேச்சு குழறுகிறதா என்ற மூன்றுதான். மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். போகவேண்டியது ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு. அடைப்பா கசிவா என்று தெரியுமுன் வீட்டில் மாத்திரை எதுவும் கொடுக்கக்கூடாது. அவசரப் பிரிவில் மருத்துவர் முதலில் கேட்பது, நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பது. சாதாரண ஸ்கேனில் அந்தப் பதில் கிடைக்காது. கூட இருந்தவர் சொன்னால்தான் உண்டு. ஊசி போடலாமா கூடாதா என்ற முடிவில் பாதி அந்தப் பதிலைப் பொறுத்தது.